நெகட்டிவ் இல்லாத படம்

பிரபு,

முதலில் உறுதியான செய்தி. உன் நண்பன் அந்தோணியின் குப்பத்தார் ஆதாரமாகக் கொடுத்த, நீ எடுத்த புகைப்படத்துக்கு நெகட்டிவைக் கொண்டுவரும்படி கோட்டாட்சியர் சொல்லியிருக்கிறார். வரும் திங்கட்கிழமை செங்கல்பட்டில் நடக்கும் விசாரணையில் அதைக் காட்ட வேண்டும். அவர் அலுவலகத்தில் எழுத்தர் பிரித்துக் காட்டிய நோட்டீஸை நானே படித்தேன். பிறகு கோவளத்துக்குப் பஸ் ஏறிப் போய், அந்தோணியின் கையிலிருந்த நகலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே வாசகம்தான். உறுதியாகாத செய்தி ஒன்றும் உண்டு. நெகட்டிவ் சுனாமியில் போய்விட்டது என்று சொல்லிவிடலாம் என்று குப்பத்தில் பேசிக்கொள்கிறார்கள். அதற்கு நீ ஒப்புக்கொண்டாயா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. நீ போனை எடுப்பதில்லை. இது தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காபி ஆறிப் போகிறது, பேப்பரைப் பிரித்தால் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் நடந்துபோய், எந்த ரயிலிலும் ஏறாமல் திரும்பி வருகிறேன். ஆகவே எழுதுகிறேன். இதன் நகல் ஒன்றை அந்தோணியிடமும் கொடுத்து, அவன் அம்மாவுக்குப் படித்துக் காட்டச் சொல்லப்போகிறேன். வாரப் பதிப்பில் போடலாமா என்று என் பத்திரிகையின் பழைய ஆசிரியர் கேட்டார். விசாரணை முடியட்டும், பையனும் சம்மதிக்கட்டும் என்றேன். அதனால் இதில் உனக்கு மட்டும் என்று ஒளித்துச் சொல்ல எதுவும் இல்லை.

அந்தப் படம் எப்படிப் பிறந்தது என்பதை நான் பார்த்தவன். இரண்டாயிரத்து ஏழாம் வருடக் கோடை. நீ படூரில் கல்லூரிப் படிப்பில் இருந்தாய். கையடக்கமான அந்த டிஜிட்டல் கேமராவை வாங்கி வந்த நாளிலிருந்து அதைத் திட்டிக்கொண்டே இருந்தாய். எல்லாம் கழுவித் துடைத்த மாதிரி வருகிறது என்றாய். சுவரில் மாட்டியிருந்த உன் படத்தை, தொண்ணூற்றைந்தில் கடற்கரையில் அம்மா உன்னைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தை, ஆணியிலிருந்து கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் சாய்த்து வைத்தாய். பக்கத்தில் கேமரா. ஜன்னலுக்கு வெளியே கொடியில் கிடந்த துணியைப் படமெடுப்பாய், பின்பக்கத் திரையைப் பார்ப்பாய், சுவர்ப்படத்தைப் பார்ப்பாய், மறுபடி ஏதாவது ஒன்றை மாற்றுவாய். வெளியே வெயில் அடிக்கும்போதே மேகமூட்டத்துக்கான வெளிச்ச அமைப்பை வைத்தாய்; படம் மஞ்சளுக்குப் போனது. நிறத்தின் அழுத்தத்தைக் குறைத்தாய். கறுப்பு சாம்பலாகும் வரை கான்ட்ராஸ்டைக் குறைத்தாய். துல்லியத்தைக் குறைத்தாய். கடைசியில் ஐஎஸ்ஓவை, அந்த ஒளியுணர்வு அளவை, கடைசிப் படிவரை ஏற்றியதும் நிழல்களில் ரவை தூவியது போலப் புள்ளிகள் வந்தன. ‘வந்துருச்சுப்பா’ என்று நீ கூப்பிட்டபோது நானும் எழுந்து வந்து பார்த்தேன். வந்துதான் இருந்தது. இத்தனைக்கும் பிறகு இன்னொன்று செய்தாய். கேமராவின் கடிகாரத்தைத் தொண்ணூற்றைந்துக்குத் தள்ளி வைத்து, மாமா வீட்டுப் படங்களில் இருப்பதுபோல மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி விழச் செய்தாய். அதே அமைப்போடு போய்த்தான் கடற்கரையில் வலைகளைப் படமெடுத்து வந்தாய். அது விளையாட்டு. அன்றைக்கு அது விளையாட்டு மட்டும்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அப்போது நான் ஒன்று சொன்னேன், நீ காதில் வாங்கவில்லை. அந்த மஞ்சள் ஃபிலிமுக்குச் சொந்தமானது அல்ல. அந்தப் படம் மாட்டியிருந்த சுவருக்கு எதிரே மேற்கு ஜன்னல் இருந்தது. பன்னிரண்டு வருட வெயில் தினமும் சாயங்காலம் அதன்மேல் விழுந்தது. அம்மாவின் பச்சைப் புடவை பழுப்பானதும், கடல் பாலாடை நிறமானதும் அதனால்தான். நீ பாடுபட்டு நகலெடுத்தது நம் வாடகை வீட்டு ஜன்னலை. ஃபிலிம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைச் சுமந்துகொண்டுதான் இந்த மாவட்டம் முழுக்கச் சுற்றினேன். எங்கள் பதிப்புக்கு என்று தனியாகப் புகைப்படக்காரர் கிடையாது. அலுவலகம் ஒரு கேமராவைக் கையில் கொடுத்து, எழுதுகிறவனே எடுத்தும் அனுப்ப வேண்டும் என்றது. செய்திக்கு இரண்டு படம் போதும். மீதி ரோலை என்ன செய்வது? சுற்றி முடிக்காமல் கழுவக் கொடுக்க மனம் வராது. அவசரமில்லாத செய்தியாக இருந்தால் உங்களைக் கூட்டிக்கொண்டு எங்காவது போய், மிச்சத்தை உங்கள்மேல் தீர்த்துவிட்டுக் கழுவக் கொடுப்பேன். உன் சின்ன வயதுப் படங்கள் ஒவ்வொன்றுக்கும் முன்னால், அதே சுருளில், ஏதாவது ஒரு தீ விபத்தோ சாலை மறியலோ இருக்கும். மற்ற பிள்ளைகளுக்குப் பிறந்த நாளில் படம் எடுத்தார்கள். உனக்கு வெள்ளம் வந்தால் எடுத்தோம்.

இனி குப்பத்தின் கதை. உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தோணி உன்னோடு படூரில் படித்தவன். இப்போது ஓஎம்ஆர் சாலைக் கம்பெனி ஒன்றில் வேலை, வீடு கோவளத்துக்குத் தெற்கே குப்பத்தில். குப்பத்துக்கும் பக்கத்துச் சுற்றுலா விடுதிக்கும் நடுவில் கடலை ஒட்டி ஒரு மணல் துண்டு. அங்கேதான் அவர்கள் வலை காயப்போடுவார்கள். சுனாமிக்குப் பிறகு வீடுகள் உள்ளே தள்ளிப் போயின, மணலில் ஆள் நடமாட்டம் குறைந்தது. இந்த வருடம் விடுதிக்காரர்கள் அதைச் சுற்றிக் கம்பி வேலி போட்டுவிட்டார்கள். அங்கே எந்தக் காலத்திலும் வலை காய்ந்ததில்லை என்பது அவர்கள் மனு. காலங்காலமாகக் காய்ந்தது என்பது குப்பத்தின் மனு. பழைய ஆதாரம் ஏதாவது இருக்கிறதா என்று கோட்டாட்சியர் கேட்டபோதுதான், அந்தோணிக்கு நீ இணையத்தில் ஏற்றி வைத்திருந்த படம் ஞாபகம் வந்திருக்கிறது. மூங்கில் கழிகளில் வலை, வலைக்குப் பின்னால் பழுப்புக் கடல், மூலையில் தொண்ணூற்றைந்து. உன்னைக் கேட்காமலே இறக்கி, பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட்டான். கொடுத்த பிறகுதான் உனக்குச் சொன்னான். நீ, சரி மச்சான், இருக்கட்டும் என்றாயாம். இது அந்தோணி சொன்னது. உன் வாயால் நான் கேட்கவில்லை.

போன வியாழக்கிழமை நான் குப்பத்துக்குப் போனேன். அந்தோணி லீவு போட்டிருந்தான். படத்தை நீ எப்போது எடுத்தாய் என்பது அவனுக்குத் தெரியும், ஏனென்றால் அன்றைக்கு உன்னை வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனவனே அவன்தான். அதை நான் சொன்னபோது அவன் மறுக்கவில்லை.

“இன்னா சார், வலை காய்ஞ்சது நெஜம் தானே? போட்டோ எப்ப எடுத்தா இன்னா?”

அவன் அம்மா ஸ்டெல்லா மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளிலிருந்தே என்னைத் தெரியும். தலை நிமிராமலே ஒரு போடு போட்டார்: “பேப்பர்காரே, நீ எழுதனது ஒரே நாள்ல பழசாவுது. உம் புள்ள எடுத்ததும் ஒரே நாள்ல பழசாயிகீது. அப்பனுக்கு ஏத்த புள்ளதான், போ.” அந்தோணி சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். பிறகு நெகட்டிவுக்கு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். அவன் சிரிப்பை நிறுத்தினான்.

“சுனாமில எல்லார் வூட்லயும் எல்லாம் போச்சு சார். நெகட்டிவ் மட்டும் போவாதா?”

ஸ்டெல்லா கூடையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். என்னைப் பார்த்துப் பேசவில்லை, மகனைப் பார்த்துத்தான் பேசினார். “எங்கல்யாண போட்டோ நெஜமாவே போச்சு. அத ஒருத்தன் கேக்கல.” அவ்வளவுதான். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றேன். மகாபலிபுரத்திலிருந்து வந்த வண்டியையும் விட்டேன், அடுத்ததையும் விட்டேன்.

அன்று சாயங்காலம் ஒரே ஒரு தடவை நீ போனை எடுத்தாய். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், “அப்பா, நீங்க சும்மா இருந்தா யாருக்கும் தெரியாது” என்றாய். பிறகு மீட்டிங் என்று வைத்துவிட்டாய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் நீ என்ன சொல்வாய் என்று நானே ஊகித்து, உன் பக்கத்து நியாயத்தையும் எடைபோட்டுப் பார்த்தேன். நண்பனைக் காட்டிக்கொடுக்க முடியாது என்பாய். வாயைத் திறந்தால் விடுதிக்காரனுக்கு உதவி செய்ததாகும் என்பாய். அந்த மணலில் வலை காய்ந்தது சத்தியம், நீயே சின்ன வயதில் பார்த்திருக்கிறாய், அப்படியிருக்கச் சத்தியத்துக்கு ஒரு படம் துணை போனால் என்ன தப்பு என்பாய். இந்த மூன்றில் கடைசி ஒன்றுதான் என்னைத் தூங்கவிடாதது, ஏனென்றால் நாற்பது வயதில் நானும் அதற்குத் தலையாட்டியிருப்பேனோ என்று தோன்றுகிறது.

நான் சாப்பாட்டு நேரத்தில் சொல்லி நீ வயிறு வலிக்கச் சிரித்த கதை ஒன்று உண்டு. செங்கல்பட்டில் ஒரு தெருவில் குழாயில் தண்ணீர் வராமல் சனங்கள் தவித்துக்கொண்டிருந்தார்கள். நிஜமான தவிப்பு. பத்திரிகையிலிருந்து ஆள் வருகிறது என்று தெரிந்ததும், தங்கள் வீட்டுக் குடங்கள் போதாது என்று நினைத்து, பக்கத்துக் கல்யாண மண்டபத்துக் குடங்களையும் வாங்கிவந்து வரிசையாக அடுக்கிவிட்டார்கள். நான் போவதற்குள் இன்னொரு பத்திரிகைக்காரர் படமெடுத்து, மறுநாள் போட்டும் விட்டார். குடம் குடமாக மண்டபத்தின் பெயர். அதிகாரி அந்தப் படத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டு, இவர்களுக்கு முகூர்த்தம் என்றைக்காம் என்று கேட்டார். அறையே சிரித்தது. நீயும் அந்த இடத்தில்தான் சிரிப்பாய். அதற்குப் பிறகு நடந்ததை நான் உனக்குச் சொன்னதில்லை, ஏனென்றால் அதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. சுற்றியிருந்த தெருக்களுக்கெல்லாம் லாரித் தண்ணீர் வந்தது. அந்தத் தெருவுக்குத்தான் கடைசியாக வந்தது. தண்ணீர் இல்லை என்று அவர்கள் எப்போது போய்ச் சொன்னாலும், குடத்தைத் திருப்பிக் கொடுத்தாச்சா என்று கேட்டார்கள். அவர்கள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அடுக்கி வைத்தது மட்டும்தான் பொய். அது போதுமானதாக இருந்தது.

விடுதியின் வக்கீல் முட்டாள் இல்லை. நெகட்டிவ் எங்கே என்று கோட்டாட்சியரைக் கேட்க வைத்ததே அவர்தான். உன் படம் இணையத்தில் வேறு யார் யாருடைய கண்ணில் பட்டிருக்கும், கீழே நீ என்னென்ன எழுதியிருந்தாய், எந்தெந்த நண்பனுக்கு இந்த அமைப்புகளைச் சொல்லிக்கொடுத்தாய் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிய வாய்ப்பிருக்கிறது. ஃபைலைக் கொண்டுவந்து காட்டலாம் என்றால், தேதியைக் கேட்டால் அதுவும் தொண்ணூற்றைந்து என்றுதான் சொல்லும். அதற்கு அப்படிச் சொல்லக் கற்றுக்கொடுத்தவன் நீ. ஆகவே அந்தப் படத்தைப் பற்றி மற்றவர்கள் நம்பும்படி உண்மையைச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் நீ ஒருவன்தான். நீ சொல்வதற்கு முன் வக்கீல் சொன்னால், மணல் போய்விடும். மணலோடு போகாது. இனி அந்தக் குப்பத்தார் எந்த அலுவலகத்தில் போய் எதைச் சொன்னாலும், இவர்கள் படம் தயாரிக்கிறவர்கள் என்ற பேச்சு அவர்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். அந்தோணிக்காக நீ வாயை மூடிக்கொண்டிருப்பதாக நினைக்கிறாய். அந்தோணிதான் அங்கே நிற்கப்போகிறவன். நீ பெங்களூரில் இருப்பாய்.

இனி புதிதாகக் கிடைத்த செய்தி. இதைக் கண்டெடுத்தது நான் இல்லை, உன் அம்மா. நான் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்து புலம்பிக்கொண்டிருந்ததைக் கேட்கப் பொறுக்காமல், பீரோவின் மேல்தட்டிலிருந்து ஒரு கவரை எடுத்துப் போட்டாள். சுவர்ப்படம் எந்தச் சுருளில் இருந்ததோ, அதே சுருளின் மீதி. உள்ளே நெகட்டிவ் துண்டுகளும், எந்த ஆல்பத்திலும் ஒட்டாமல் அவள் ஒதுக்கி வைத்த ஒரே ஒரு பிரிண்டும். ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு. அதில் உனக்கு ஆறு வயது. அலையில் விழுந்து எழுந்து அம்மணமாக நின்று அழுகிறாய். நனைந்த உன் நீலக் கால்சட்டையைப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த வலையின் மேலேயே அம்மா விரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். வலை படம் முழுக்க ஓடுகிறது. வலைக்குப் பின்னால், இடுப்பு உயரத்துக்கு, விடுதியின் சுற்றுச்சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது. செங்கல் அடுக்கு, சாந்துச் சட்டி, துண்டு கட்டிய ஒரு கொத்தனார். இது எந்த மணல் என்று அந்தச் சுவரே சொல்லிவிடுகிறது. பிரபு, நீ ஏழாம் வருடம் அங்கே படமெடுத்தபோது அந்தச் சுவர் படத்தில் விழக்கூடாது என்று மணலில் மண்டியிட்டு எடுத்ததாகப் பெருமையாகச் சொன்னாய். சுவர் தெரிந்தால் பழைய படம் மாதிரி இருக்காது என்றாய். பழைய படத்தில் சுவர் இருக்கிறது.

மறுநாளே பிரிண்டை அந்தோணியிடம் காட்டினேன். வெளிச்சமே படாமல் கிடந்ததால் நேற்றுக் கழுவியது போல இருக்கிறது. அம்மாவின் புடவை நல்ல பச்சை. கடல் நீலம். உன் கால்சட்டை அதைவிட நீலம். அவன் நெடுநேரம் பார்த்தான். உன் கோலத்தைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. பிறகு சொன்னான்: “சார், இது ரொம்பப் புதுசா கீது. ஒருத்தனும் நம்பமாட்டான். பிரபு கைல குடுங்க, பழசாக்கிக் குடுப்பான்.”

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. உங்கள் இருவருக்கும் பழையது என்றால் மஞ்சளாக இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. அவ்வளவு நன்றாக நீ அதைச் செய்துவிட்டாய். நெகட்டிவைக் கையில் பிடித்து வெயிலுக்கு நேராகக் காட்டினேன். உன் அம்மணத்துக்கு முன்னால் அதே துண்டில் இருப்பது, செங்கல்பட்டு புறவழிச்சாலையில் எரிந்த வைக்கோல் லாரி. நான் எடுத்தது, இரண்டு நாள் கழித்துப் பத்திரிகையில் வந்தது. அந்தப் பத்திரிகையைத் தேதியோடு பக்கத்தில் வைத்தால், லாரியை ஒப்புக்கொண்டுவிட்டு வலையை மட்டும் யாரும் மறுக்க முடியாது. அந்தோணி நெகட்டிவை வாங்கித் தானும் வெயிலில் பிடித்துப் பார்த்தான். அப்போ அந்தப் படத்தைத் திரும்ப வாங்கிடணுமா சார் என்று கேட்டான். கேட்ட குரலில் பாதி ஏற்கெனவே சரி என்றிருந்தது. பஞ்சாயத்தில் பேச வேண்டும், பிரபு என்ன சொல்கிறான் என்று கேட்பார்கள் என்றான்.

உன்னிடம் நான் கேட்பது பெரியதல்ல. ஒரு காகிதத்தில், இந்தப் படம் நான் எடுத்தது, இந்த வருடம் எடுத்தது, இன்ன கேமராவில் இன்னின்ன அமைப்பு வைத்து எடுத்தது, தேதியை நான்தான் மாற்றினேன், குப்பத்தார் மாற்றவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடு. எப்படிச் செய்தாய் என்று விவரமாகவே எழுது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, அது உன் திறமை. அந்தப் படம் நல்ல படம். அதை நான் உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. ஒரு கண்காட்சியில் மாட்டி, கீழே இரண்டாயிரத்து ஏழு என்று எழுதியிருந்தால், நானே ஆட்களைக் கூட்டிவந்து காட்டியிருப்பேன். முடிந்தால் காகிதத்தை அனுப்பாமல் நீயே கொண்டுவா. ஸ்டெல்லாவுக்கு எதிரே நின்று பேசுவது கோட்டாட்சியருக்கு எதிரே நின்று பேசுவதைவிடக் கஷ்டமாக இருக்கும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் நின்று பார்த்துவிட்டேன்.

இன்னும் வர வேண்டியவை உண்டு. லாரிப் படம் வந்த பத்திரிகையின் பழைய தொகுப்பு சென்னை அலுவலகத்தில் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். வெள்ளிக்கிழமை மதியம் தகவல் சொல்வதாக நூலகர் சொல்லியிருக்கிறார். இருக்கிறது என்று நான் நம்புகிறேன், ஆனால் கண்ணால் பார்க்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் குப்பத்தில் பஞ்சாயத்து கூடுகிறது. உன் படத்தைத் திரும்பப் பெறுவதா வேண்டாமா என்று அங்கே முடிவாகும். திங்கட்கிழமை விசாரணை. நடுவில் ஞாயிறு ஒன்றுதான் மிச்சம்.

பாக்கி உன் பதில். அது வராவிட்டால் உன் படத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததை நானே சொல்லிவிடலாம், தகப்பன் சொல்லை எவ்வளவு தூரம் எடுத்துக்கொள்வார்களோ தெரியாது. ஆனால் நிஜப் படத்தை என்னால் கொண்டுபோக முடியாது. கவரை உன் அம்மா மறுபடி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். கேட்டுப் பார்த்தேன், சத்தம் போட்டும் பார்த்தேன். மகன் அம்மணமாக நிற்கும் படத்தை ஊர் பார்க்க மகன்தான் சம்மதிக்க வேண்டும், நீங்கள் யார் என்கிறாள். சாவியைக் கேட்டபோது அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்: “பொய்ப் படத்த அவனக் கேக்காம குடுத்தாங்க. நெசப் படத்தயாவது அவன் வந்து, அவன் கையால குடுக்கட்டும்.”

அப்பா